பரு தானே என்று விட்டுவிடலாமா?



வகுப்பில் கரும்பலகையில் எழுதியிருப்பது ஒரு மாணவனுக்குச் சரியாகத் தெரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் என்ன செய்வார்? பெற்றோருக்குச் சொல்லி அனுப்புவார். பெற்றோர் அவனைக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போவார்கள். சில நாட்களில் மூக்குக் கண்ணாடியுடன் அவன் வகுப்புக்கு வந்துவிடுவான். "வளர்கிற வயதில் கண் இப்படித்தான் மங்கும், இருபது வயதில் தானாகச் சரியாகிவிடும்" என்று யாரும் சொல்வதில்லை. கண்ணாடி கேட்ட பிள்ளையைப் பார்த்து, "உனக்கு அழகு மோகம் பிடித்துவிட்டது" என்று யாரும் பழிப்பதுமில்லை.

இப்போது அதே வகுப்பில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு மாணவனை எண்ணிப் பாருங்கள். நெற்றி, கன்னம், தாடை எங்கும் சிவந்து தடித்த பருக்கள். அவற்றுள் சில பட்டாணி அளவுக்குப் புடைத்திருக்கின்றன, தொட்டாலே வலிக்கின்றன. இரவில் கன்னம் படும்படி ஒருக்களித்துப் படுக்க முடிவதில்லை. காலையில் எழுந்தால் தலையணை உறையில் சீழும் இரத்தமும் கறையாகப் படிந்திருக்கின்றன. சென்ற ஆண்டு பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவன் இந்த ஆண்டு மேடையேற மறுக்கிறான். வகுப்புப் புகைப்படம் எடுக்கும் நாளில் காய்ச்சல் என்று விடுப்பு எழுதுகிறான். வீட்டில் முறையிட்டால் அவனுக்குக் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "வயசுப் பருடா! எல்லாருக்கும் வருவதுதான். தானாகப் போய்விடும்."

கண்ணுக்கு ஒரு நீதி, தோலுக்கு ஒரு நீதியா?

கடுமையான முகப்பரு ஒரு நோய். அது எப்படி உண்டாகிறது என்பதை மருத்துவம் நன்கு அறிந்திருக்கிறது. அதைக் குணப்படுத்தும் மருந்துகளும் இருக்கின்றன. ஆகவே அதைத் தோல் மருத்துவரிடம் காலம் தாழ்த்தாமல் காட்ட வேண்டும் என்பதே என் கருத்து. இதை நான் ஏன் வற்புறுத்துகிறேன் என்பதை, முதலில் பரு உண்டாகும் விதத்தைக் கொண்டே விளக்குகிறேன்.

பரு உண்டாவது எப்படி?

நம் தோலில் மயிர்க்கால்களை ஒட்டிச் சிறு எண்ணெய்ச் சுரப்பிகள் உள்ளன. முகம், மார்பு, மேல்முதுகு ஆகிய இடங்களில் இவை பெரியனவாகவும் மிகுதியாகவும் இருக்கின்றன. இவற்றில் ஊறும் சீபம் என்னும் மெழுகு போன்ற எண்ணெய், மயிர்க்குழியின் வழியே மேலே வந்து தோலின் மீது பரவுகிறது.

பருவ வயதில் ஆண், பெண் இருபாலாரின் உடலிலும் ஆண்ட்ரோஜன் என்னும் ஹார்மோன்கள் பெருகுகின்றன. அவற்றின் தூண்டுதலால் எண்ணெய்ச் சுரப்பிகள் பருத்து, கூடுதலாகச் சீபத்தைச் சுரக்கின்றன. அதே சமயம், மயிர்க்குழியின் உட்சுவரிலிருந்து உதிர வேண்டிய செல்கள் உதிர்ந்து வெளியேறாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வழியை அடைக்கின்றன. அடைப்பு தோலுக்குள் மூடியிருந்தால் வெண்புள்ளி. வாய் திறந்திருந்தால் கரும்புள்ளி. கரும்புள்ளியின் கருமைக்கு அழுக்கு காரணமன்று. மெலனின் நிறமியும், காற்றுப் பட்டு மாறுதலடைந்த எண்ணெய்ப் பொருளுமே அந்த நிறத்தைத் தருகின்றன. எனவே முகத்தை நாளுக்குப் பத்து முறை சோப்புப் போட்டுத் தேய்ப்பதால் அது போகாது, தோல்தான் புண்ணாகும்.

அடைபட்ட குழிக்குள் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னிஸ் என்னும் நுண்ணுயிர் பெருகுகிறது. இது எங்கிருந்தோ வந்து தொற்றுவதன்று. நம் எல்லாருடைய தோலிலும் வாழ்வதுதான். இதை எதிர்த்து உடலின் தற்காப்புப் படை திரளும்போது சிவப்பும் வீக்கமும் சீழும் தோன்றுகின்றன. பெரும்பாலோருக்கு இந்தப் போர் தோலின் மேற்பகுதியிலேயே முடிந்துவிடும். சிலருக்கு மட்டும் குழியின் சுவர் உள்ளேயே உடைந்து, அதிலுள்ளவை தோலின் ஆழ்ந்த அடுக்கில் கொட்டிவிடுகின்றன. அங்கே உண்டாவதுதான் வலியுள்ள கட்டி. தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் இழைகள் இந்தப் போரில் சிதைகின்றன. அவை சிதைந்த இடத்தில் பள்ளமோ தழும்போ நிலைத்துவிடுகிறது.

12 முதல் 24 வயது வரை உள்ளவர்களில் சுமார் 85 விழுக்காட்டினருக்கு ஓரளவேனும் பரு வருகிறது என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. அவர்களில் பெரும்பாலோருக்கு வருவது இலேசான பருதான். அவர்கள் எல்லாரும் தோல் மருத்துவரைத் தேடி ஓட வேண்டியதில்லை. நான் பேசுவது எஞ்சிய சிலரைப் பற்றி.

"தானாகப் போய்விடும்" என்பது பாதி உண்மை

இருபது வயதைக் கடந்ததும் பலருக்குப் பரு குறைந்துவிடுவது உண்மையே. ஆனால் பரு போகும், தழும்பு போகாது. பதினான்கு வயதில் கட்டிப் பரு தொடங்கிய பிள்ளையை இருபது வயது வரை பொறுத்திரு என்று சொல்வது, ஆறு ஆண்டுக் காலம் அவன் முகத்தில் தழும்புகள் சேர அனுமதிப்பதாகும். பின்னாளில் லேசர் போன்ற முறைகளால் தழும்பைக் குறைக்கலாம். முழுவதும் அழிப்பது அரிது. அதற்கு ஆகும் செலவும் மிகுதி. வருமுன் காப்பதே இங்கே சிக்கனம்.

தழும்பு முகத்தில் மட்டும் விழுவதில்லை. நார்வே நாட்டின் ஓஸ்லோ நகரில் 18, 19 வயதுள்ள 3,775 இளைஞர்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2011-ல் வெளியாயிற்று. பரு குறைவாக இருந்தவர்களோடு ஒப்பிட, மிக அதிகமாக இருந்த பெண்களில் இரு மடங்கினரும், ஆண்களில் மும்மடங்கினரும் வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் தமக்கு வந்ததாகக் கூறினார்கள். பருதான் இதற்குக் காரணம் என்று இந்த ஒரு ஆய்வைக் கொண்டு முடிவு கட்டிவிட முடியாது. ஆனால் "பரு தானே" என்று சிரித்து ஒதுக்கக்கூடிய செய்தி இது அல்ல என்பது மட்டும் தெளிவு. இதைப் படிக்கும் உங்களில் யாருக்கேனும் அத்தகைய எண்ணம் வந்திருந்தால், இன்றே பெற்றோரிடமோ நம்பிக்கைக்குரிய ஓர் ஆசிரியரிடமோ மனம் விட்டுச் சொல்லுங்கள். 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணிலும் பேசலாம்.

ஒரு மருந்தின் கதை

கடும் பருவைத் தலைவிதி என்று எண்ணிய காலம் ஒன்று இருந்தது. 1970-களில் அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய்க் கழகத்தில் பணியாற்றிய கேரி பெக் என்னும் தோல் மருத்துவர், வைட்டமின் ஏ-க்கு உறவான ஐசோட்ரெட்டினாயின் என்ற பொருளை ஆராய்ந்துகொண்டிருந்தார். எந்த மருந்துக்கும் கட்டுப்படாத கட்டிப் பருவுடைய 14 நோயாளிகளுக்கு அதை நான்கு மாதங்கள் கொடுத்துப் பார்த்தார். 13 பேருக்குப் பரு முற்றிலும் மறைந்தது. மருந்தை நிறுத்திய பின்பும் பல மாதங்கள் அது திரும்பவில்லை. இந்த முடிவு 1979-ல் வெளியாயிற்று. 1982-ல் அமெரிக்க அரசு அம்மருந்துக்கு அனுமதி வழங்கியது. எண்ணெய்ச் சுரப்பிகளைச் சுருங்கச் செய்து, அடைப்பு உண்டாவதையும் தடுப்பதால் இம்மருந்து நோயின் வேரையே தாக்குகிறது. இன்று நம் நாட்டிலும் இது கிடைக்கிறது.

உடனே கடைக்கு ஓடிவிடாதீர்கள்! இது இருபுறமும் கூரான கத்தி. கருவுற்ற பெண் இதை உட்கொண்டால் கருவிலுள்ள குழந்தைக்குக் கடுமையான பிறவிக் குறைகள் உண்டாகும். இரத்தத்தில் கொழுப்பு உயரலாம், கல்லீரல் பாதிக்கப்படலாம். எனவே இரத்தப் பரிசோதனை வேண்டும். மனநிலையையும் கவனித்து வர வேண்டும். உதடு வறண்டு வெடிப்பது ஏறக்குறைய எல்லாருக்கும் நேரும். பருவுக்கென்றே தரப்படும் டாக்சிசைக்ளின் என்ற மற்றொரு மாத்திரையை இதனுடன் சேர்த்து உண்டால் மண்டைக்குள் அழுத்தம் உயரும் ஆபத்து உண்டு. வைட்டமின் ஏ-க்கு உறவுதானே என்று வைட்டமின் ஏ மாத்திரைகளைத் தாமாக வாங்கி விழுங்குவதும் கேடு. அது கல்லீரலில் சேர்ந்து நஞ்சாகும்.

தோல் மருத்துவர் ஏன் வேண்டும் என்பது இப்போது விளங்குகிறதல்லவா? எடுத்த எடுப்பில் அவர் இம்மருந்தைத் தருவதில்லை. பென்சாயில் பெராக்சைடு, அடாபலீன் போன்ற பூச்சு மருந்துகள் முதற்படி. தேவையானால் சில மாதங்களுக்கு மட்டும் ஆன்டிபயாடிக் மாத்திரை. அதுவும் பயன் தராவிட்டாலோ, பரு தழும்பு விழும் வகையைச் சேர்ந்ததாக இருந்தாலோதான் ஐசோட்ரெட்டினாயின். யாருக்கு எது, எவ்வளவு, எத்தனை நாள் என்று முடிவு செய்வதுதான் அவருடைய கலை.

கடைக்காரர் தரும் களிம்பு

நம் ஊரில் நடப்பதென்ன? மருத்துவரிடம் போவதற்குப் பதிலாக மருந்துக் கடையில் நின்று, "பருவுக்கு ஏதாவது கொடுங்கள்" என்கிறோம். சில கடைகளில் ஸ்டீராய்டு கலந்த களிம்பு கைக்கு வந்துவிடுகிறது. அதைத் தடவினால் இரண்டே நாளில் சிவப்பு வடியும், முகம் வெளுக்கும். "அருமையான மருந்து" என்று நண்பனுக்கும் சொல்லிவிடுகிறோம். சில மாதங்களில் தோல் மெலிகிறது. மெல்லிய இரத்தக் குழாய்கள் வெளியே தெரிகின்றன. முகத்தில் முடி வளர்கிறது. பரு முன்னைவிட மிகுதியாகக் கிளம்புகிறது. களிம்பை நிறுத்தினால் முகம் தீயாய் எரிகிறது; எனவே மீண்டும் அதையே தடவுகிறோம்! இந்தியத் தோல் மருத்துவர்கள் பல ஆண்டுகள் எச்சரித்ததன் பயனாக, 2018-ல் மைய அரசு ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. சட்டம் வந்துவிட்டது. அதைக் காக்க வேண்டியவர்களில் வாங்குபவர்களாகிய நாமும் அடக்கம்.

பற்பசை, எலுமிச்சைச் சாறு முதலியவற்றைப் பருவில் தடவுவதும் தோலைப் புண்ணாக்கும். தலையில் எண்ணெயை வழிய வழியத் தடவினால் அது நெற்றியில் இறங்கி மயிர்க்குழிகளை அடைக்கும். நெற்றியில் மட்டும் சிறுபருக்கள் மிகுந்திருப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

"கண்டதைத் தின்றாய், அதனால் வந்தது" என்று பிள்ளையின் மீதே பழி போடுவோரும் உண்டு. 1969-ல் அமெரிக்காவில் 65 பேருக்குச் சாக்லேட்டும், சாக்லேட் இல்லாத வேறொரு மிட்டாயும் கொடுத்து ஆராய்ந்து, சாக்லேட்டால் பரு கூடுவதில்லை என்றார்கள். பின்னர் பார்த்தால், அந்த மற்றொரு மிட்டாயிலும் ஏறக்குறைய அதே அளவு சர்க்கரையும் கொழுப்பும் இருந்தன! அறிவியல் மாணவர்களாகிய நீங்கள் அந்த ஆய்வின் குறையை எளிதில் கண்டுகொள்வீர்கள். இரத்தத்தில் சர்க்கரையை விரைந்து ஏற்றும் உணவுகளைக் குறைத்தால் சிலருக்குப் பரு குறைகிறது என்று பிற்கால ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் கட்டிப் பருவை உணவுக் கட்டுப்பாடு மட்டும் தீர்த்துவிடாது. நோயுற்ற பிள்ளையைக் குற்றவாளியாக்குவதால் எந்தப் பயனுமில்லை.

யார், எங்கே செல்ல வேண்டும்?

ஆழத்தில் வலியுள்ள கட்டிகள் தோன்றினால், ஒரு தழும்பேனும் விழத் தொடங்கினால், மார்பிலும் முதுகிலும் பரு பரவினால், குடும்பத்தில் பெரியவர்களுக்குப் பருத் தழும்பு இருந்தால், பொது மருத்துவர் தந்த மருந்தை மூன்று மாதம் ஒழுங்காகப் பயன்படுத்தியும் குறையாவிட்டால், தோல் மருத்துவரிடம் செல்லுங்கள். மாணவிகளுக்குக் கடும் பருவுடன் மாதவிலக்கு ஒழுங்கின்மையும் முகத்தில் மிகுந்த முடியும் இருந்தால் ஹார்மோன் கோளாறு உள்ளதா என்றும் பார்க்க வேண்டும். வெளியே எதுவும் பெரிதாகத் தெரியாவிட்டாலும், பருவினால் பள்ளிக்குப் போகவே மனம் வரவில்லை என்றால் அதுவும் போதுமான காரணமே.

"ஸ்பெஷலிஸ்ட் என்றால் பணம் வேண்டுமே" என்று பெற்றோர் தயங்கலாம். இது நியாயமான கவலை. ஆனால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு உண்டு. அங்கே ஓ.பி. சீட்டு வாங்கிக்கொண்டு கட்டணமின்றி மருத்துவரைப் பார்க்கலாம். காலையிலேயே போய் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். தொலைவில் உள்ள கிராமத்தினர் முதலில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைப் பார்த்து, அவர் எழுதித் தரும் கடிதத்துடன் போகலாம். சில மருத்துவமனைகளில் பெயர்ப்பலகையில் தோல் நோயுடன் பால்வினை நோய், தொழுநோய் என்பனவும் சேர்ந்திருக்கும். அதைக் கண்டு கூச்சப்பட்டுத் திரும்பிவிடாதீர்கள். இம்மூன்றையும் ஒரே துறையாகப் படிப்பது நம் நாட்டு மருத்துவக் கல்வியின் வழக்கம். எம்.டி., டி.வி.எல். என்ற பட்டத்திலுள்ள மூன்று எழுத்துகளும் அவற்றையே குறிக்கின்றன. அழகு நிலையம் நடத்துபவர் தோல் மருத்துவர் ஆகமாட்டார். பட்டத்தைப் பார்த்துச் செல்லுங்கள்.

போகும்போது ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். பரு எப்போது தொடங்கியது? இதுவரை என்னென்ன தடவினீர்கள்? என்ன மாத்திரை உண்டீர்கள்? பழைய களிம்புக் குழாய்களையும் எடுத்துச் செல்லுங்கள். தடவியதைச் சொன்னால் திட்டுவார்களோ என்று மறைக்காதீர்கள். அந்தச் செய்தி மருத்துவருக்கு மிகவும் தேவை.

இன்னொன்றும் முக்கியம். மருந்து தொடங்கிய பத்தாம் நாளே கண்ணாடியைப் பார்த்து ஏமாறாதீர்கள். இன்று வெளியே தெரியும் பரு, பல வாரங்களுக்கு முன்பே உள்ளே தொடங்கிவிட்ட ஒன்று. மருந்து தடுப்பது இனி வரப்போகும் பருவைத்தான். எனவே பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும். முழுப் பயன் தெரிய மூன்று மாதங்களும் ஆகலாம். பாதியில் நிறுத்திவிட்டு, "டாக்டர் மருந்தும் கேட்கவில்லை" என்று சொல்பவர்களே மிகுதி.

முகத்தில் பரு இல்லாத மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. பக்கத்தில் இருப்பவனுக்குப் பட்டப்பெயர் வைப்பது எளிது. அவன் மருத்துவமனைக்குப் போக நீங்கள் துணை போனால் அதுவே நட்பு. வரிசையில் தனியாக நிற்பதைவிட இருவராக நிற்பது எளிதல்லவா?

பெற்றோரிடம் இதைப் பேசத் தயக்கமாக இருந்தால், இக்கட்டுரையை அவர்களிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். வருகிற விடுமுறைக்கு என்று தள்ளிப் போடாமல், இந்த மாதமே ஒரு காலைப்பொழுதை அதற்கு ஒதுக்கும்படி கேளுங்கள். மூக்குக் கண்ணாடி கேட்க நீங்கள் வெட்கப்பட்டதில்லை. இதற்கும் வெட்கப்பட வேண்டியதில்லை.